வாயால் தொட்டுப் பார்க்கும் மீன்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரில் பிளைத் என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் என்பவர் ஒரு குடிலைக் கட்டிக்கொண்டார். உள்ளே உட்கார்ந்தால் ஆற்றில் நிற்கும் டிரவுட் மீன்களின் கண்ணில் படாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அங்கிருந்து செத்த வீட்டு ஈக்களை ஒரு குழலில் போட்டு, வாயால் ஊதி, மீனுக்கு முன்னால் விழச் செய்தார். பத்து ஈ போட்டார். பத்தையும் மீன் எடுத்துக்கொண்டது. அடுத்து முப்பது ஈக்கள். இவற்றின் மேல், பார்த்தால் எளிதில் தெரியாத இடங்களில், மிளகாய்த் தூளும் கடுகும் அப்பியிருந்தார். அவற்றிலும் பெரும்பாலானவற்றை மீன் பாய்ந்து பிடித்தது. அத்தோடு அது மிரண்டுபோய்விடவும் இல்லை. மறுநாள் அதே இடத்தில் நின்ற மீன் காரம் தடவிய ஈக்களை மறுபடியும் எடுத்தது. தேனில் நனைத்தது, எண்ணெயில் நனைத்தது, வினிகரில் நனைத்தது என்று பலவற்றையும் கொடுத்துப் பார்த்தார். டிரவுட்டுக்கு நாக்குருசி என்று ஒன்று இருந்தாலும் அது அப்படியொன்றும் கூர்மையானதல்ல என்ற முடிவுக்கு வந்தார்.

1836-ல் வெளிவந்த அவருடைய நூல், தூண்டில்காரர்களுக்காக எழுதப்பட்ட பூச்சியியல் நூல்களில் முன்னோடி. மின்தந்தி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஃபிரான்சிஸ் ரொனால்ட்ஸ் இவருடைய அண்ணன். சோதனை செய்து பார்க்கும் புத்தி குடும்பத்திலேயே இருந்திருக்கிறது.

சோதனை அருமையானது. முடிவுதான் சரியில்லை. மிளகாயின் உறைப்பு நாக்குச் சுவைகளில் சேராது. அது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பைச் சீண்டுகிறது. அந்த நரம்பின் முனையில் உள்ள புரதம் பறவைகளில் சற்றே வேறு மாதிரி இருப்பதால்தான் கிளி மிளகாய்ப் பழத்தைச் சாவதானமாகத் தின்கிறது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனிலும் இதே புரதம் மிளகாய்க்கு அசைந்துகொடுப்பதில்லை. ஆகவே ரொனால்ட்ஸ் மீனிடம் கேட்ட கேள்வியே தப்பு. ஆனால் அந்தக் குடிலிலிருந்து அவர் தெரியாமலே வேறொன்றைக் காட்டிவிட்டார்: டிரவுட் முதலில் எடுக்கிறது, பிறகுதான் யோசிக்கிறது.

வேறு வழியும் அதற்கு இல்லை. கத்தரிக்காய் வாங்கப் போகிறவர் காயைக் கையில் எடுத்து, அழுத்திப் பார்த்து, பூச்சி இருந்தால் திரும்பப் போட்டுவிடுகிறார். மீனுக்குக் கை கிடையாது. வாய்தான் கை. தண்ணீரில் மிதந்து வரும் துணுக்கு பூச்சியா, சருகா, குச்சியா என்று சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து உள்ளே இழுத்து, ருசியும் மென்மையும் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் உமிழ்ந்துவிடும். ஓடைக்கரையில் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற எவரும் இதைக் காணலாம்: மீன் குச்சியை எடுக்கும், துப்பும், அடுத்ததற்குத் திரும்பும். எடுப்பதற்கும் துப்புவதற்கும் நடுவே ஒரு நொடிகூட இருக்காது. உலகத்தில் விற்கும் அத்தனை பொய்யிரைகளும், ஸ்பின்னரோ ஸ்பூனோ இறகு கட்டிய போலிப் பூச்சியோ, அந்த ஒரு நொடியை நம்பித்தான் செய்யப்படுகின்றன.

டிரவுட் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது என்பதற்கு அது வாழும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தண்ணீர் சூடாகும்போது மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனோ ஏறிக்கொண்டே போகும். வரவு குறைந்து செலவு ஏறும் இந்த நெருக்கடியில் 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தை நெடுநேரம் தாங்க டிரவுட்டால் முடியாது. அதனால்தான் வெள்ளைக்காரர்கள் தம் ஊர் மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது மலை உச்சிகளைத் தேடிப் போனார்கள். நீலகிரியில் முந்தைய முயற்சிகள் தோற்றபின், அவலாஞ்சியில் எச். சி. வில்சன் 1907-ல் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார். இலங்கையில் நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் இந்த மீனுக்கு இடம் கொடுத்ததும் குளிரால்தான். மலையடிவாரத் தாழ்நிலத்தில் இறக்கியிருந்தால் ஒரு கோடை தாங்கியிருக்காது.

குளிர்ந்த ஓடை வேகமாகவும் ஓடும். அந்த வேகத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்தினால் தின்பதெல்லாம் நீந்தவே போய்விடும். எனவே டிரவுட் ஒரு கல்லை ஒட்டி, தண்ணீர் மந்தமாக இருக்கும் இடமாகப் பார்த்து, தலையை எதிர்நீரில் வைத்து நின்றுகொள்ளும். பக்கத்தில் ஓடும் வேக நீரோட்டம் பூச்சிகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். அதற்குள் ஒரு தாவு, மறுபடி பழைய இடம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்புரூஸ் கிரீக் என்னும் ஓடையோரம் ராபர்ட் பாக்மேன் என்ற உயிரியலாளர் கோபுரம் அமைத்து, பழுப்பு டிரவுட்டுகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். உடம்பில் உள்ள புள்ளிகளின் அமைப்பை வைத்து ஒவ்வொரு மீனையும் தனித்தனியே அடையாளம் கண்டார். 1984-ல் வெளியான அந்த ஆய்வின்படி ஒவ்வொரு மீனுக்கும் வழக்கமான சில இருப்பிடங்கள் உண்டு. பெரும்பாலான நேரம் அங்கேதான் நிற்கும். நல்ல இடங்கள் பெரிய மீன்களுக்கு. இரையைத் தேடிச் சுற்றுவதைவிட வருவதை வாங்கிக்கொள்வதுதான் அதன் பிழைப்பு.

இதன் விளைவு தூண்டில்காரருக்கு முக்கியமானது. துணுக்கு மேலிருந்து வந்து கடந்துபோக ஓரிரு நொடிதான் எடுக்கும். அதற்குள் தீர்மானிக்க வேண்டும். குச்சி என்று நினைத்துப் பூச்சியை விட்டால் நஷ்டம். பூச்சி என்று நினைத்துக் குச்சியை எடுத்தால் பெரிய நஷ்டமில்லை, துப்பிவிடலாம். தூண்டில் முள் என்ற ஒன்று இல்லாத உலகத்தில் இந்தக் கணக்கு மிகச் சரியானது. லட்சக்கணக்கான ஆண்டுகள் அந்த உலகத்தில்தான் டிரவுட் உருவானது.

சரி, அந்த இரண்டு நொடியில் மீன் எதைப் பார்க்கிறது?

தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்ப்பவருக்கு வெளியுலகம் முழுதும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளிவிலகலின் விளைவு இது. சாளரத்தின் கோணம் சுமார் 97 டிகிரி. மீன் ஆழமாகப் போகப் போக வட்டம் பெரிதாகும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அதன் விட்டம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுக்கக் கண்ணாடி. முழு அக எதிரொளிப்பால் ஓடையின் அடித்தளமே தலைகீழாக அதில் தெரியும். வானத்தின் அடிவிளிம்பில் இருப்பவை சாளரத்தின் ஓரத்தில் நசுங்கிப்போகும். கரையில் நெட்டையாக நிற்கிறவரைக் கண்டுகொள்ளும் மீன், மண்டியிட்டுக் குனிந்து வருகிறவரைக் கோட்டைவிடுவது இதனால்தான். டிரவுட் பிடிக்கிறவர்களின் கால்சட்டை முழங்காலில் முதலில் கிழியும்.

இப்போது மேஃப்ளை என்னும் பூச்சி ஒன்று நீர்ப்பரப்பில் உட்கார்ந்து மிதந்து வருகிறது என்று வையுங்கள். இந்தப் பூச்சியின் கதையே தனி. ஓராண்டைத் தண்ணீருக்கடியில் இளவுயிரியாகக் கழித்துவிட்டு, மேலே வந்து சிறகு முளைத்தபின் வாழ்வது ஓரிரு நாள். அப்போது தின்பதற்கு வாயே வேலை செய்யாது. சிறகு முளைத்தபிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். மேலே வந்ததும் சிறகு உலரும்வரை கொஞ்ச நேரம் நீரில் மிதக்க வேண்டியிருக்கிறது. டிரவுட்டுக்குக் கொண்டாட்டம்.

மிதந்து வரும் பூச்சி இன்னும் சாளரத்துக்குள் நுழையவில்லை. கண்ணாடிப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே பூச்சியின் உடல் மீனுக்குத் தெரியாது. ஆனால் அதன் கால்கள் நீரின் மெல்லிய மேற்பரப்பை அழுத்திக் குழிக்கின்றன. ஒவ்வொரு குழியும் ஒளியைச் சிதறடித்து ஒரு பொட்டாக மின்னும். இருண்ட கண்ணாடியில் ஆறு வெளிச்சப் பொட்டுகள் நகர்ந்து வருவதை மீன் முதலில் பார்க்கிறது. பூச்சி நெருங்கும்போது சாளர விளிம்பில் சிறகின் நுனி தோன்றும், உடம்போடு சம்பந்தமே இல்லாததுபோல் தனியாக. பிறகு இரண்டும் ஒன்றுசேரும். 1931-ல் ஹார்டிங், 1976-ல் அமெரிக்கரான வின்சென்ட் மரினாரோ, 1980-ல் பிரையன் கிளார்க்கும் ஜான் காடர்டும் என்று பலர் நீருக்கடியிலிருந்து பார்த்தும் படம் எடுத்தும் இதை விளக்கியிருக்கிறார்கள். சேவல் கழுத்திறகைக் கொக்கியைச் சுற்றிக் கட்டி, அதன் விறைப்பான இழைகளின் மேல் மிதக்க விடும் போலிப் பூச்சி ஏன் வேலை செய்கிறது என்பதும் இங்கே புரிந்துவிடுகிறது. மேலேயிருந்து பார்த்தால் அது ஒரு சிறிய துடைப்பம். கீழேயிருந்து பார்த்தால் சரியான இடத்தில் சரியான பொட்டுகள்.

மிதக்கும் பூச்சியின் பெரிய வாத்தியார் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட். 1886-ல் அவர் எழுதிய நூலுக்குப் பிறகு தெற்கு இங்கிலாந்தின் தெளிந்த சுண்ணாம்பு ஓடைகளில், மிதக்கும் பூச்சியைத் தவிர வேறெதையும் போடுவது கௌரவக் குறைச்சல் என்ற அளவுக்கு அது மதமாகிவிட்டது. ஜி. இ. எம். ஸ்கூஸ் என்ற வக்கீல் அதற்கு எதிராகக் கிளம்பினார். எலும்பு மஜ்ஜை எடுக்கும் நீளமான கரண்டியால் பிடித்த மீனின் வயிற்றில் இருப்பதை வழித்தெடுத்து, பீங்கான் தட்டில் நீர்விட்டுப் பரப்பி என்ன தின்றிருக்கிறது என்று பார்த்தவர் அவர். பெரும்பாலும் இருந்தவை சிறகு முளைக்காத இளவுயிரிகள், அதாவது தண்ணீருக்குள் பிடித்தவை. 1910-ல் அதை எழுதினார். 1938-ல் லண்டனில் தூண்டில்காரர்களின் கிளப் ஒன்றில் இதற்காக ஒரு விவாதமே நடந்தது. வயிற்றில் இருந்ததையே எடுத்துக் காட்டியும் நம்பாதவர்களோடு என்ன விவாதம் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அங்கே நடந்த சண்டை மீனைப் பற்றியதாக இருந்திருக்காது.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தவர் ஃபிராங்க் சாயர். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர், பகலெல்லாம் ஆற்றங்கரைதான். நீந்தும் இளவுயிரி தன் கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது என்பதைக் கவனித்தார். எனவே தன் போலிப் பூச்சிக்குக் கால் வைக்கவில்லை. நூலுக்குப் பதில் தலைமுடிபோல மெல்லிய செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, ஃபெசன்ட் சேவலின் வால் இறகிலிருந்து நாலைந்து செம்பழுப்பு இழைகளை அதனோடு முறுக்கி, கொக்கியில் சுற்றினார். முதுகில் சிறு திமில், பின்னால் இழைகளின் நுனி வாலாக நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். செம்பின் கனம் அதை உடனே அமிழ்த்தும். ஈரமான இழைகளுக்கிடையே செம்பு மங்கலாக மினுங்கும். மீன் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்பு கோலை மெல்லத் தூக்கினால், பூச்சி மேலே எழும்பிச் சிறகு விரிக்கப் போவதுபோல் தோன்றும். இன்றைக்கும் உலகத்தின் எந்த டிரவுட் ஓடைக்குப் போனாலும் யாராவது ஒருவர் பெட்டியில் இது இருக்கும். இதைவிடத் தத்ரூபமாக, கண்ணும் காலும் கணுவும் வைத்துச் செய்த பூச்சிகள் கடையில் கிடைக்கின்றன. அவை மனிதர்களை நன்றாகப் பிடிக்கும்.

நிறத்தைப் பற்றியும் அதையேதான் சொல்லத் தோன்றுகிறது. டிரவுட் நிறம் பார்க்கும், சந்தேகமில்லை. நம் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள். குட்டி டிரவுட்டுக்கு நான்கு. நான்காவது புற ஊதா ஒளியைப் பார்ப்பது. தண்ணீரில் மிதக்கும் மிகச்சிறு உயிரிகளைப் பிடித்துத் தின்னும் வயதில் அது பயன்படுகிறது. பழுப்பு டிரவுட்டில் இரண்டு வயதாகும்போது அந்தச் செல்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன என்று 1987-ல் போமேக்கரும் குன்ஸும் காட்டினார்கள். புற ஊதாவில் பளபளக்கும் என்று விளம்பரப்படுத்தி விற்கும் பொய்யிரைகளைப் பெரிய மீன் பார்க்கும் விதம் வேறாகவே இருக்கும். சிவப்பு இன்னொரு வம்பு. நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும் என்பது உண்மை; ஆழமான ஏரியில் சில மீட்டர் இறங்கினால் சிவப்புப் பொய்யிரை கருத்துப்போகும். ஆனால் முழங்கால் அளவு ஓடையில் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. அனுபவஸ்தர்கள் வழக்கமாகச் செய்வது எளிமையானது: தெளிந்த நீரும் வெயிலும் என்றால் வெள்ளி நிறம், கலங்கலோ மேகமோ இருந்தால் பொன்னோ செம்போ, இருட்டத் தொடங்கினால் கறுப்பு. கறுப்பு ஏன் என்றால், வானத்தை நோக்கிப் பார்க்கும் மீனுக்கு மங்கிய வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிவது கறுத்த உருவம்தான்.

இதுவரை சொன்னவை பூச்சியைப் போலிருக்க முயல்பவை. ஸ்பின்னரும் ஸ்பூனும் எதைப் போலவும் இல்லை.

ஸ்பூனின் தோற்றக் கதையை அமெரிக்காவில் இப்படிச் சொல்கிறார்கள்: வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ பியூல் என்ற இளைஞர் ஏரியில் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி கைதவறி விழுந்தது, அது மின்னி மின்னி அசைந்தபடி அமிழ்ந்துபோக, ஒரு மீன் பாய்ந்து கவ்வியது. கதை எவ்வளவு நிஜமோ, 1852-ல் அவர் வாங்கிய காப்புரிமை நிஜம். குழிந்த தகடு இழுக்கும்போது நேராக வராது. குழியின் இரு பக்கமும் நீர் மாறி மாறிப் பிரிந்து சுழிப்பதால் அது இடமும் வலமும் ஒதுங்கி ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் வயிற்றைக் காட்டிப் புரளும் சிறுமீனின் வெள்ளை மின்னல்.

ஸ்பின்னர் இன்னும் ஒருபடி மேல். எஃகுக் கம்பி ஒன்று. அதன் கீழ்முனையில் மூன்று முள் உள்ள கொக்கி. கம்பியில் கோத்த பித்தளை மணிகள். அவற்றுக்கு மேல் ஒரு சிறு வளையத்தில் தொங்கும் முட்டை வடிவத் தகடு. இழுத்தவுடன் தகடு கம்பியைச் சுற்றிச் சுழலும். தகடு அகலமாக இருந்தால் கம்பியை விட்டு விலகி விரிந்து சுற்றும், நிறைய நீரைத் தள்ளும், மெதுவாக இழுத்தாலும் நிற்காது. வில்லோ இலை மாதிரி ஒடுக்கமாக இருந்தால் கம்பியை ஒட்டிச் சுற்றும், எதிர்ப்பு குறைவு, வேகமான நீரிலும் மேலே எழும்பிவிடாமல் ஆழத்தில் ஓடும். மந்தமான மடுவுக்கு முதலாவது, பாய்ந்தோடும் இடத்துக்கு இரண்டாவது. டிரவுட்டுக்கு 0, 1, 2 எண் அளவுகளே போதும், எடை 2.5 கிராமிலிருந்து 5 கிராம் வரை. சுழற்சி தூண்டில் நரம்பையும் சேர்த்து முறுக்கிவிடும் என்பதால் நடுவே ஒரு சுழல் வளையம் கட்டாயம்.

இந்த வகையில் பேர் பெற்றது மெப்ஸ். 1938-ல் ஆந்த்ரே மெல்னார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் தொடங்கியது. அது அமெரிக்காவுக்குப் போன விதத்தை அந்த நிறுவனமே சுவையாகச் சொல்கிறது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவர் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்ற ஊரில் தூண்டில் கடை வைத்திருந்த டாட் ஷெல்டனுக்கு ஒரு ஸ்பின்னரைக் கொடுத்திருக்கிறார். 1951-ல் வுல்ஃப் ஆற்றில் வேறெதுவும் வேலைசெய்யாத ஒரு நாளில் ஷெல்டன் அதைப் போட, இரண்டு மணி நேரத்தில் நாலு டிரவுட். சரக்குக்கு எங்கே போவது? பிரான்சில் ஒரு பெண்மணி ஸ்பின்னர்களை அனுப்பினார்; பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து நைலான் காலுறைகள் போயின. பிற்பாடு கொக்கியை மறைக்க அணில் வால் முடியைக் கட்டத் தொடங்கினார்கள். வேட்டைக்காரர்களிடமிருந்து அணில் வால் வாங்குவது அந்த நிறுவனத்தில் ஒரு தனி வியாபாரம்.

சுழலும் தகடு மீனுக்கு இரண்டு செய்திகளை அனுப்புகிறது. ஒன்று மின்னல். மற்றது அதிர்வு. மீனின் செவுளுக்குப் பின்னிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டில் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அருகே நீர் அசைந்தால் அவை சாய்ந்து நரம்புக்குச் சேதி சொல்லும். கும்மிருட்டில் சிறுமீன் வாலடித்துப் போவதைக்கூட டிரவுட் இப்படித் தெரிந்துகொள்ளும். ஆனால் இந்த உறுப்பு எட்டும் தூரம் மீனின் உடல் நீளத்தில் ஓரிரு மடங்குதான். ஸ்பின்னரின் துடிப்பு ஆற்றின் அந்தக் கோடியிலிருந்து மீனை அழைத்து வரும் என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தெளிந்த நீரில் அழைப்பது மின்னல். கலங்கலிலும் இருட்டிலும், கடைசி இரண்டு சாண் தூரத்தில் வழிகாட்டுவது அதிர்வு.

சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது ரொனால்ட்ஸ் மறுபடி வருகிறார். கரையில் பேசினால் மீன் ஓடிவிடும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, ஒரு பாதிரியாரைக் குடிலுக்கு அருகே மறைவாக நின்று துப்பாக்கி சுடச் சொன்னார். மீன் அசையவில்லை. காற்றிலிருந்து வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் நுழைகிறது. மிச்சமெல்லாம் பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆகவே தாராளமாகப் பேசலாம். தொம் தொம் என்று நடக்கத்தான் கூடாது. காலடி அதிர்வு மண் வழியே நேராக நீருக்குப் போகிறது.

ஸ்பின்னரை எப்படிப் போடுவது என்பதும் முன்பு சொன்ன இருப்பிடக் கணக்கிலிருந்தே வருகிறது. மீன் எதிர்நீரைப் பார்த்து நிற்கிறது; எனவே தூண்டில்காரர் அதற்குப் பின்னால், கீழ்நீரில் நின்று, மேல்நீரில் குறுக்காக வீசுகிறார். நீரோட்டத்தைவிடச் சற்றே வேகமாக, தகடு சுழல்வது கோலின் நுனியில் துடிப்பாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ரீலைச் சுற்றுகிறார். இரை போகும் திசையிலேயே பொய்யிரையும் போகிறது. முகத்துக்கு நேரே வருவதை வாங்கிக்கொள்வதுதானே மீனின் வழக்கம்.

ஆனாலும் பித்தளைத் தகட்டை மீன் என்னவென்று நினைத்துக் கடிக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. பழுப்பு டிரவுட் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தாண்டும்போது பூச்சியிலிருந்து மெல்ல மெல்ல மீனுக்கு மாறுகிறது. மீனைத் தின்னும் மீன் கூட்டத்தில் எதைத் தேர்ந்தெடுக்கும்? அதற்கு நல்ல பதில் ஃபின்லாந்திலிருந்து வந்தது. லௌரி ராப்பலா ஓர் ஏழை மீனவர். பாயென்னே ஏரியில் படகு வலித்துக்கொண்டே கவனித்தார்: சிறுமீன் கூட்டத்தில் எது கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கம் இழுத்தாற்போல் நீந்துகிறதோ அதைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது. 1936-ல் தக்கைக் கட்டையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாளை ஒட்டி, பழைய புகைப்பட நெகடிவை உருக்கிப் பூசி, அந்தக் கோணல் நீச்சலைத் தன் பொய்யிரைக்குக் கொடுத்தார். 1962 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அந்த இதழின் அட்டையில் அப்போதுதான் இறந்துபோன மர்லின் மன்றோ. ஊரெல்லாம் வாங்கிய இதழில் மீன் தூண்டில் கட்டுரை. ஆர்டர்கள் சாக்குக் கணக்கில் வந்ததில் அதிசயமில்லை.

உருவத்தை நம்பாமல் அசைவில் ஏமாறுகிறது மீன். தகடோ தக்கையோ, அடிபட்டதுபோல் ஆடினால் போதும். பசி ஒருபுறமிருக்க, தன் இடத்துக்குள் நுழைந்ததை விரட்டவும் டிரவுட் கடிக்கும். விரட்டக் கைவேண்டும், அதற்கும் வாய்தான். பண்ணையில் வளர்த்து ஏரியில் விடப்பட்ட வானவில் டிரவுட்டின் கதை வேறு: உருண்டைத் தீவனம் மேலிருந்து விழும் சத்தமே அதற்குச் சாப்பாட்டு மணி. பளிச்சென்ற மாவு உருண்டைக்கு அது வருவதையும் காட்டு ஓடையின் பழுப்பு டிரவுட் வராததையும் வைத்து எது புத்திசாலி என்று சண்டை போடுகிறவர்கள், இரண்டும் எங்கே பள்ளிக்கூடம் போயின என்று பார்ப்பதில்லை.

மீன் கற்றுக்கொள்கிறது என்பது உறுதி. நெதர்லாந்தில் பியூகெமா 1970-ல் வெளியிட்ட சோதனை டிரவுட்டில் செய்ததல்ல, பைக் என்னும் கொன்றுண்ணி மீனில் செய்தது. குளத்து மீன்களை ஸ்பின்னரால் பிடித்துப் பிடித்து விட்டார். ஒருமுறை மாட்டிய பைக் மறுமுறை ஸ்பின்னரிடம் வருவது மிகவும் குறைந்துபோனது. உயிருள்ள சிறுமீனைக் கோத்துப் போட்டபோதோ, மாட்டிய மீன்களும் முன்போலவே வந்து மாட்டின. ஸ்பின்னரை அவை தனியாக அடையாளம் வைத்துக்கொண்டன. சிறுமீனை அப்படி ஒதுக்கினால் பட்டினிதான். பிடித்து விடும் வழக்கமுள்ள ஓடைகளில் பருவத்தின் தொடக்கத்தில் வேலைசெய்த பொய்யிரை கடைசியில் சும்மா திரும்புவதற்கும், தூண்டில்காரர்கள் பெட்டி பெட்டியாகப் புதிது வாங்குவதற்கும் இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

மீண்டும் வாய்க்கு வருவோம். ரொனால்ட்ஸ் நினைத்ததற்கு மாறாக டிரவுட்டின் வாயில் சுவை மொட்டுகள் நிறைய உண்டு. வானவில் டிரவுட்டின் சுவை நரம்பு புரோலின் போன்ற சில அமினோ அமிலங்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே துடிப்பதை மின்முனை வைத்து அளந்திருக்கிறார்கள். பூச்சியின், புழுவின் உடற்சாற்றில் இருப்பவை இவை. மூக்கும் லேசுப்பட்டதல்ல. 1950-களில் கனடாவில், வலசை வரும் சால்மன் மீன்களுக்கு மேல்நீரில் மனிதக் கையைக் கழுவிவிட்டால் அவை திகைத்து நின்றுவிடுவதைக் கண்டார்கள். கரடியின் பாதமும் அதே வேலையைச் செய்தது. தோலிலிருந்து கரையும் செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. புழு கோப்பதற்கு முன் கையில் ஆற்று மண்ணைத் தேய்த்துக்கொள்கிறவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள் அல்ல என்று இதை வைத்துச் சொல்லலாம்.

மண்புழுவை எடுத்த மீனின் வாய்ச் சோதனையில் எல்லாம் தேறிவிடும்: மென்மை சரி, ருசி சரி. உடனே விழுங்கும். முள் தொண்டைக்கோ வயிற்றுக்கோ போய்விடும். அங்கே செவுளும் இதயமும் பக்கத்தில் இருக்கின்றன. பித்தளைத் தகடு வாய்ச் சோதனையில் தோற்கும். துப்புவதற்குள் தூண்டில்காரர் இழுத்தால் முள் உதட்டிலோ தாடையிலோ குத்தி நிற்கும். பிடித்து விடப்படும் டிரவுட்டுகளில் எத்தனை பிறகு செத்துப்போகின்றன என்று பார்த்த ஆய்வுகள் ஒரே பக்கம்தான் சாய்கின்றன: உண்மையான இரையில் மாட்டியவை பொய்யிரையில் மாட்டியவற்றைப்போலப் பல மடங்கு சாகின்றன. இரையை மீன் நம்பிவிடுவதுதான் அதற்கு எமன். மீன்வளத் துறைகள் பல ஓடைகளில் புழுவைத் தடைசெய்து, பொய்யிரையை மட்டும் அனுமதிப்பதற்குக் காரணம் இதுவே.

இங்கே வேதியியல் புகுந்து குட்டையைக் குழப்பியிருக்கிறது. மென்மையான பிளாஸ்டிக்கிலும் பசையிலும் அமினோ அமிலங்களையும் வாசனைகளையும் சேர்த்து, மீன் துப்பாமல் வைத்திருக்கும் நேரத்தை நீட்டிக்கும் இரைகள் இப்போது கடைகளில் நிறைய. தொழிற்சாலையில் செய்தாலும் மீனின் வாய் அவற்றைப் பொய் என்று சொல்வதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சட்டம் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. அங்கே பொய்யிரை மட்டும் என்று அறிவித்த ஓடைகளில், தின்ன முடியாத, வாசனையில்லாத பொருள்களால் செய்ததைத்தான் பொய்யிரை என்று ஏற்பார்கள். வாசனை தொழிற்சாலையிலேயே சேர்த்ததா, கரையில் உட்கார்ந்து தடவியதா என்ற பேச்சுக்கு இடமில்லை. சுத்தமான ஸ்பின்னரோடு போகிறவர் சட்டப்படி நடக்கிறார். அதே ஸ்பின்னரில் ஒரு சொட்டு மீனெண்ணெயைத் தடவினால் அபராதம்.